நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்ததும், இல்லையென்றால் அப்பா ரிட்டையர் ஆனதும், நம் வீடுகளில் தவறாமல் காதில் விழும் பேச்சு இது. சொல்பவர்கள் மனதில் பாசத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. காலமெல்லாம் மாடாய் உழைத்தவர்கள், இனிமேலாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று நினைக்கிறார்கள். அம்மா கையிலிருந்து துடைப்பம் போகிறது. அப்பா ரேஷன் கடைக்குப் போவது நிற்கிறது. குடிக்கிற தண்ணீர்கூட உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிடுகிறது. "பிள்ளைங்க நல்லாத் தாங்குறாங்க" என்று தெருவில் பெயரும் கிடைக்கிறது.

இப்படித் தாங்குவது முதியவர்களின் மூளைக்கு நல்லதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் குடும்பத்தில் அப்பாயிக்கும் பெரியப்பாவுக்கும் மறதி நோய் வந்தது. அதிலிருந்து இந்த விஷயத்தில் எந்த ஆராய்ச்சி வந்தாலும் தேடிப் பிடித்துப் படிக்கிறேன். நான் டாக்டர் இல்லை. படித்ததையும் வீடுகளில் பார்ப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ரஷ் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதியவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2012-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று. மறதி நோய் இல்லாத 716 பேர், சராசரி வயது 82. எல்லார் மணிக்கட்டிலும் கடிகாரம் மாதிரி ஒரு கருவியைக் கட்டிவிட்டார்கள். பத்து நாள் வரைக்கும் இரவு பகலாக அது கையிலேயே இருந்தது. "வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி செய்யறீங்க?" என்று வாயால் கேட்டால் யாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்; கருவி உள்ளதை உள்ளபடி பதிந்துவிடும். நடைப்பயிற்சி மட்டும் இல்லை, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, சீட்டு விளையாடுவது, சக்கர நாற்காலியைக் கையால் உருட்டிக்கொண்டு போவது என்று எல்லா அசைவும் கணக்கில் வந்தது. அப்புறம் சராசரியாக மூன்றரை வருடம் அவர்களைக் கவனித்தார்கள். நாள் முழுவதற்கும் சேர்த்து மிகக் குறைவாக அசைந்த பத்து சதவீதத்தினருக்கு, மிக அதிகமாக அசைந்த பத்து சதவீதத்தினரைவிட மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

அதே குழுவினர் 2019-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இறந்த பிறகு மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாக எழுதிக் கொடுத்த 454 பேரின் மூளைகளைப் பரிசோதித்தார்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோது எவ்வளவு அசைந்தார்கள் என்ற கணக்கும், ஞாபகத் தேர்வுகளில் எப்படிச் செய்தார்கள் என்ற கணக்கும் கையில் இருந்தன. சிலர் மூளையில் அல்சைமர் நோயின் தடயங்கள் இருந்தன. அப்படி இருந்தும், நிறைய அசைந்தவர்களின் ஞாபகமும் யோசனையும் கடைசி வருடங்களில் மேலாகவே இருந்திருக்கின்றன. மூளைக்குள் சேதம் நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் தாக்குப்பிடிக்கும் பலம் ஒன்று இருக்கிறது, அன்றாட நடமாட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அப்பாயியைக் கடைசிப் பத்து வருடம் கட்டிலிலேயே வைத்து அழகு பார்த்தார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள்.

சரி, இதில் ஒரு நியாயமான சந்தேகம் எழும். மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே மூளைக்குள் தொடங்கிவிடுகிறது. அப்படியென்றால் நோய்தான் ஆளைச் சோர வைத்து உட்கார வைத்திருக்கலாமே? உட்கார்ந்ததால் நோய் வந்தது என்று எப்படிச் சொல்வது? கூர்ந்து கவனிப்பதால் மட்டும் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் நடக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

அதையும் செய்திருக்கிறார்கள். கிர்க் எரிக்சன் என்பவரும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 120 முதியவர்கள். பாதிப் பேர் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் நடந்தார்கள். மீதிப் பேர் கை காலை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. நேற்று என்ன நடந்தது, சாவியை எங்கே வைத்தோம் என்பதையெல்லாம் பதிந்து வைக்க உதவும் பகுதி அது. வயதானால் சுருங்கிக்கொண்டே போகும். மற்றவர்களுக்கு அந்த ஒரே வருடத்தில் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது.

எல்லா ஆய்வும் இப்படிச் சந்தோஷமாக முடிந்துவிடவில்லை. 70 முதல் 89 வயது வரையான 1,635 பேரில் பாதிப் பேரை இரண்டு வருடம் உடற்பயிற்சி செய்ய வைத்த பெரிய ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. உடல்நலம் பற்றிய வகுப்புகளுக்கு மட்டும் போய் வந்தவர்களோடு ஒப்பிட்டால், உடற்பயிற்சி செய்தவர்களின் ஞாபகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டு எழுதுவது சரியில்லை. ஆனால் என் மனதில் படுவது ஒன்று உண்டு. அந்த வகுப்புக்குப் போனவர்களும் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லையே. கிளம்பி, உடுத்தி, நாலு பேரைப் பார்த்து, புதிதாக ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு வந்தார்கள். அதுவும் மூளைக்கு வேலைதான்.

பின்லாந்தில் நடந்த ஆய்வு இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மியா கிவிபெல்டோ என்ற மருத்துவப் பேராசிரியர் தலைமையில் நடந்தது. முடிவு வந்தது 2015-இல். 60 முதல் 77 வயது வரை 1,260 பேர். பாதிப் பேருக்கு உணவு ஆலோசனை, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தம் சர்க்கரை போன்றவற்றின் மேல் ஒரு கண் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சுகாதார ஆலோசனை. இரண்டு வருடம் கழித்து இரண்டு குழுவுமே தேர்வில் முன்னேறியிருந்தது. எல்லாம் சேர்த்துச் செய்த குழுவின் முன்னேற்றம் 25 சதவீதம் கூடுதல். தனித்தனியாகப் பிடித்து ஆட்டினால் அசையாதது, சேர்த்துப் பிடித்தபோது அசைந்தது.

இதெல்லாம் பின்லாந்துக்கும் சிகாகோவுக்கும் சரி, மன்னார்குடியில் இருக்கும் என் சித்திக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சித்தியின் காலை வேளையைக் கொஞ்சம் அருகில் இருந்து பாருங்கள். ஐந்தரைக்கு எழுந்து வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள். குனிந்து புள்ளி வைத்து, ஒரு புள்ளி தப்பினாலும் இழை சேராமல் போகும் சிக்குக் கோலத்தைப் பிசகில்லாமல் போட்டு முடிப்பாள். கீரைக்காரம்மா வந்தால் பேரம். அப்புறம் திண்ணையில் பழைய பேப்பரை விரித்து முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்துவிடுவாள். கை பாட்டுக்கு உருவும், வாய் எதிர்வீட்டு அக்காவோடு ஊர்க்கதை பேசும். நடுவில் பால்காரர் வந்தால் தரையில் கை ஊன்றாமல் எழுந்து உள்ளே போய், நாள்காட்டியில் குறித்து வைத்த கணக்கைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை நீ வரல தம்பி, அதைக் கழிச்சிக்க" என்பாள். குனிவது, எழுவது, நிலை தடுமாறாமல் நிற்பது, கணக்குப் போடுவது, திட்டமிடுவது, மனிதர்களோடு பேசுவது. பின்லாந்தில் ஆள் வைத்து அட்டவணை போட்டுக் கொடுத்தவற்றில் முக்கால்வாசி இதிலேயே வந்துவிடுகிறது.

இனி சென்னையில் மகனோடு அடுக்குமாடியில் இருக்கும் இன்னொரு உறவினர். சித்தியைவிட நாலு வயது இளையவர். அங்கே வாசலும் கிடையாது, கோலமும் கிடையாது. துணி துவைக்க மெஷின், பாத்திரத்துக்கு ஆள், மளிகைக்கு ஆப். மகனும் மருமகளும் தங்கமானவர்கள். அவர் காலை முழுக்க சோபாவில். சீரியல் முடிந்தால் மறு ஒளிபரப்பு. "எனக்கு என்னடி வேலை இங்க" என்று போன தடவை என்னிடம் சொன்னார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா வருத்தமாகச் சொல்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொலிவியாவின் காடுகளில் சிமானே என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வேட்டை, மீன்பிடி, சிறு விவசாயம். 2022-இல் வெளியான ஆய்வில் அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான் மறதி நோய் இருந்தது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. இந்தியாவிலோ 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. சிமானே மக்கள் யாரும் மூளைக்காக நடக்கவில்லை. சாப்பாட்டுக்காக நடக்கிறார்கள்.

அந்தச் சாப்பாட்டுக்கு வருவோம்.

மூளைக்கென்றே ஒரு உணவு முறையை ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் என்பவர் வகுத்தார். 'மைண்ட்' உணவு என்று அதற்குப் பெயர். கீரை, காய்கறி, பருப்பு வகை, கொட்டைகள், முழு தானியம், மீன், பெர்ரிப் பழங்கள். வெண்ணெய், இனிப்பு, பொரித்தது குறைவு. அதை நன்றாகப் பின்பற்றியவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது என்று 2015-இல் வந்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் 604 பேரை வைத்து மூன்று வருடம் முறைப்படி சோதித்து 2023-இல் வெளியான முடிவில், மைண்ட் உணவு சாப்பிட்டவர்களுக்கும் வழக்கமான சாப்பாட்டையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் ஞாபகத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு தரப்பும் எடை குறைந்தார்கள், இரண்டு தரப்பும் தேர்வில் முன்னேறினார்கள்.

ஆகவே ஆன்லைனில் ப்ளூபெர்ரி வாங்கி அம்மாவுக்கு ஊட்டாதீர்கள் என்பது என் முதல் வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் வரும் தேங்காய் எண்ணெய் வைத்தியத்தையும் நம்ப வேண்டாம். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம், கீரை எப்போதும் நல்லதுதான். வல்லாரை மாத்திரை மறதி நோயைத் தடுக்கும் என்று நிரூபித்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை.

நம் தட்டில் உண்மையான பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. வயதானவர்கள் மதியம் சாப்பிடுவதைக் கவனியுங்கள். குழம்புக்கு ஒரு குன்று சாதம், ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. பொரியல் இரண்டு ஸ்பூன். ராத்திரி இட்லி, அதுவும் அரிசி. நடுவில் டீயும் பிஸ்கட்டும். இந்தியர்கள் சாப்பிடும் சாப்பாட்டில் 62 சதவீத சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2025-இல் சொன்னது. அதே ஆய்வு 2023-இல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டிருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பவை. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. குழாய் கெட்டால் முதலில் அடிவாங்குவது அதுதான். ரத்த அழுத்தத்தை மேல் எண் 120-க்குக் கீழே கொண்டுவரப் பார்த்த அமெரிக்க ஆய்வில், ஞாபகம் லேசாகக் குறைவது 19 சதவீதம் குறைந்தது. அம்மாவின் ஊறுகாய், அப்பளம், கருவாட்டை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு.

இதைவிடக் கவலையாக எனக்குப் படுவது புரதம். பல் போனதும் சுண்டல் நிற்கிறது, கறி நிற்கிறது, குழைந்த சாதம் மட்டும் மிஞ்சுகிறது. தனியாக இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். "எனக்கு ஒருத்திக்கு என்னத்தைச் சமைக்கிறது" என்று காலையில் வைத்த ரசத்தையே மூன்று வேளையும் ஊற்றிக்கொள்வார்கள். புரதம் இல்லாவிட்டால் தொடைச் சதை கரையும். தொடைச் சதை கரைந்தால் தரையிலிருந்து எழ முடியாது, படியேற முடியாது, கோயிலுக்கு நடக்க முடியாது. நடமாட்டம் குறைந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் மேலே பார்த்தோம். சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் தனித்தனி விஷயமாக எழுதுகிறார்களே, வீட்டில் இரண்டும் ஒரே கயிறாகத்தான் திரிந்திருக்கின்றன. பாசிப்பயறு, முட்டை, தயிர், முள் எடுத்த மத்தி மீன், நன்றாக வேகவைத்து மசித்த கொண்டைக்கடலை, இதெல்லாம் பல் இல்லாதவர்களும் சாப்பிடக்கூடியவைதான். பேரப்பிள்ளைக்குச் சமைக்கச் சொல்லுங்கள், அந்தச் சாக்கில் அவர்களும் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்.

பி12 வைட்டமினை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். சைவச் சாப்பாட்டில் பாலையும் தயிரையும் விட்டால் அது கிடைப்பது அரிது. சர்க்கரைக்கு நம்மில் பலர் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்தாலும் பி12 குறையலாம். குறைந்தால் மறதி, தடுமாற்றம், கை கால் மதமதப்பு எல்லாம் வரும். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு "வயசாகிட்டா இப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். ஊரிலிருந்து வந்த மகள் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். பி12 அதலபாதாளத்தில் இருந்தது. ஊசி போட்டதும் மெல்ல மெல்லத் தேறி, இப்போது சீட்டுக் கம்பெனி கணக்கை அவரே பார்க்கிறார். தைராய்டு குறைவும் இப்படித்தான் மறதி நோய் வேஷம் போடும். காது கேட்காமல் போவதும் அப்படியே. பேச்சு புரியாதவர் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவார், வீட்டில் அதை மறதி என்று நினைப்பார்கள். மறதி நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் பார்த்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

ஆண்கள் விஷயம் தனி. நம் வீட்டு ஆண்களுக்கு ஆபீஸ் நின்றுவிட்டால் வேலையே போய்விடுகிறது. சமையலறைப் பக்கம் போய்ப் பழக்கமில்லை. முன்பாவது கரண்ட் பில் கட்ட, பாஸ்புக்கில் பதிய, ரேஷன் வாங்க, தேங்காய் பார்த்து வாங்க என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அதையெல்லாம் இப்போது பிள்ளைகள் போனிலேயே முடித்துவிடுகிறார்கள். என் அப்பாவிடம் தினமும் பணத்தைக் கையில் கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். கத்தரிக்காய் சொத்தையாகவும் வரும், மீதிச் சில்லறை குறைந்தும் வரும். வந்துவிட்டுப் போகட்டும். போகிற வழியில் டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசிவிட்டு வருகிறார். அந்தப் போக்குவரத்திலேயே நாலாயிரம் காலடி தாண்டிவிடுகிறது. பிரிட்டனில் 78,430 பேரின் நடையைக் கணக்கெடுத்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு சுமார் 3,800 காலடி நடந்தவர்களுக்கே மறதி நோய் வாய்ப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. பத்தாயிரத்தை நெருங்கியவர்களுக்கு ஏறக்குறைய பாதி.

வேலை கொடுப்பது என்றால் ஆபத்தைக் கொடுப்பது இல்லை. ஸ்டூலில் ஏறிப் பரணில் இருந்து அண்டாவை இறக்குவதை நாம்தான் செய்ய வேண்டும். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத செருப்பு, ராத்திரி நடையில் ஒரு சின்ன விளக்கு, இவையெல்லாம் இருக்க வேண்டும். விழுந்து இடுப்பு உடைந்தால் சேர்த்து வைத்த நடையெல்லாம் ஒரே நாளில் போய்விடும். முட்டி தேய்ந்தவரைக் கீழே உட்காரச் சொல்லவும் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆயலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் வரும் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் கணித்தது. மீதிப் பாதிக்கும் மேலே நம் கையில் இல்லை. நன்றாக உழைத்து, அளவாகச் சாப்பிட்டு, ஊரெல்லாம் நடந்தவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. என் பெரியப்பா அப்படிப்பட்டவர், எழுபத்தைந்து வயது வரை வயலில் நின்றவர். நோய் வந்தவர்கள் வீட்டுக்குப் போய் "ஒழுங்கா நடக்க வெச்சிருந்தா வந்திருக்காது" என்று யாரும் பேசிவிட வேண்டாம். ஏற்கெனவே ஓய்ந்து போயிருப்பார்கள்.

நோய் வந்த பிறகும் பெரியப்பாவுக்குப் பெரியம்மா வேலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். பூண்டு உரிப்பது, மொச்சை உரிப்பது, துவைத்த துண்டுகளை மடிப்பது. கத்தி வேண்டாம், அடுப்பு வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை, அதையும் வாயால் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து முதல் இரண்டைத் தானே செய்து காட்டுவார். துண்டு கோணலாகத்தான் மடிந்திருக்கும். அதை அவர் கண் முன்னால் பிரித்துத் திரும்ப மடிக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். கோணல் துண்டுகளை அப்படியே பீரோவில் அடுக்கினார், குளித்துவிட்டு வருகிறவர்கள் அதையே எடுத்துத் துவட்டிக்கொண்டோம்.